ஒரு தடவை சுடுவது சுலபம்... கோடி தடவை சுட முடியுமா? எலக்ட்ரான் கற்றை இயந்திரங்களின் நிஜமான சவால்

2022 டிசம்பர் 5. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம். 192 லேசர் கற்றைகள் ஒரே நேரத்தில் ஒரு சின்ன உலோகக் கூட்டுக்குள் பாய்ந்தன. கூட்டுக்குள் இருந்தது மிளகைவிடச் சிறிய ஓர் எரிபொருள் உருண்டை. உள்ளே போன லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல். அணுக்கரு இணைவில் வெளியே வந்தது 3.15 மெகாஜூல். போட்டதைவிட அதிகம் கிடைத்துவிட்டது என்று உலகமே கொண்டாடியது.

இதை வீட்டு கரன்ட் பில் கணக்கில் போட்டுப் பார்த்தால் என்ன? ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3.6 மெகாஜூல். அப்படியென்றால் அந்த வரலாற்றுச் சாதனையில் கிடைத்தது முழுசாக ஒரு யூனிட்கூட இல்லை. அந்த ஒரு ஷாட்டுக்காக லேசர் அமைப்பு இழுத்த மின்சாரமோ சுமார் 300 மெகாஜூல். அதாவது 80 யூனிட்டுக்கு மேல்.

இதைக் குறையாகச் சொல்வதில் நியாயமில்லை. அந்த மையம் மின்நிலையமாகக் கட்டப்பட்டதே கிடையாது. ஆனால், லேசர் இணைவிலிருந்து ஒருநாள் வீட்டுக்குக் கரன்ட் வர வேண்டும் என்றால் நொடிக்கு 5 முதல் 10 ஷாட் வரை சுட வேண்டியிருக்கும். அதுவும் ராத்திரி பகலாக, வருஷக்கணக்கில். லிவர்மோர் இயந்திரமோ ஆண்டு முழுக்கச் சுடுவதே சில நூறு ஷாட்தான்.

‘ஒரு தடவை முடிந்தது’ என்பதற்கும் ‘தினமும் முடியும்’ என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அந்தப் பள்ளத்தைத் தூர்க்கும் வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் துறையின் பெயர் பல்ஸ்டு பவர். தமிழில் ‘துடிப்பு மின்திறன்’ எனலாம். அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று, பெரும் சக்தி கொண்ட எலக்ட்ரான் கற்றைகளைத் திரும்பத் திரும்ப உருவாக்குவது.

லேசருக்கு எதற்கு எலக்ட்ரான் கற்றை?

லிவர்மோர் லேசரின் இதயம் பெரிய பெரிய கண்ணாடிப் பலகைகள். ராட்சச ஃபிளாஷ் விளக்குகள் எரிந்து அந்தக் கண்ணாடிக்கு ஆற்றலை ஊட்டுகின்றன. ஒரு ஷாட் முடிந்ததும் கண்ணாடி சூடாகிவிடும். சூடான கண்ணாடி வழியே போகும் லேசர் நேராக வராது, கோணல்மாணலாகிவிடும். அதனால் ஆறும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கண்ணாடிக்குப் பதில் வாயுவை வைத்தால்? சூடான வாயுவை ஊதித் தள்ளிவிட்டு, அடுத்த ஷாட்டுக்குள் குளிர்ந்த வாயுவைக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். கிரிப்டான் ஃப்ளோரைடு லேசர் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால், ஒரு பெரிய பெட்டி நிறைய இருக்கும் வாயுவுக்குள் ஒரே கணத்தில், ஒரே சீராக ஆற்றலைத் திணிக்க வேண்டும். அதற்குக் கைகொடுப்பதுதான் எலக்ட்ரான் கற்றை.

இந்த வழியைச் சோதிக்க வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் கட்டிய இயந்திரத்தின் பெயர் ‘எலக்ட்ரா’. இரண்டு பக்கங்களிலிருந்தும் வாயுவுக்குள் எலக்ட்ரான்களைப் பாய்ச்சும் அமைப்பு அது. ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 5 லட்சம் வோல்ட், 1 லட்சம் ஆம்பியர். நொடிக்கு 5 தடவை.

டீ போடக்கூடக் காணாத ஆற்றல்

5 லட்சம் வோல்ட்டை 1 லட்சம் ஆம்பியரால் பெருக்கினால் 50 ஜிகாவாட் வரும். 1,000 மெகாவாட் அணு உலைகள் 50 சேர்ந்து தரும் திறன் இது. ஆய்வகத்துக்குள் இருக்கும் ஓர் இயந்திரத்துக்கு இவ்வளவு மின்சாரம் எங்கிருந்து வரும்?

விடை, நேரத்தில் ஒளிந்திருக்கிறது. அந்தத் துடிப்பு நீடிப்பது வெறும் 140 நானோ நொடி. அந்த நேரத்தில் ஒளியே 42 மீட்டர்தான் போகும். 50 ஜிகாவாட் அவ்வளவு நேரம் மட்டும் பாய்ந்தால் மொத்த ஆற்றல் 7,000 ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரின் சூட்டை 8 டிகிரி உயர்த்தலாம், அவ்வளவுதான். டீ போடக்கூடக் காணாது.

துடிப்பு மின்திறனின் மொத்த சூட்சுமமும் இதில் அடங்கிவிடுகிறது. ஆற்றலை மெதுவாகச் சேர்க்க வேண்டும். ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். குழாயில் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, மொத்தமாகக் கவிழ்ப்பது மாதிரி. கேமரா ஃபிளாஷ் செய்வதும் இதேதான். சின்ன பேட்டரி சில நொடிகள் எடுத்துக்கொண்டு கெபாசிட்டரை நிரப்பும். பட்டனை அழுத்தினால் பளீர். அடுத்த படத்துக்கு மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

எலக்ட்ரா போன்ற இயந்திரங்களில் இந்த நிரப்பல் பல படிகளில் நடக்கும். முதலில் கெபாசிட்டர்களில் மின்னூட்டம் சேரும். அது ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக உயர் மின்னழுத்தத்துக்கு ஏறும். பிறகு, தூய தண்ணீர் நிரப்பிய பெரிய உலோகக் குழாய்களுக்குள் போகும். கரன்ட்டுக்குத் தண்ணீரா என்று தோன்றலாம். உப்பு, அயனி எல்லாம் நீக்கிய சுத்தமான நீர், அதே அளவுள்ள எண்ணெயைவிடச் சுமார் 35 மடங்கு மின்னூட்டத்தைத் தாங்கும். ஆனால், சில மைக்ரோ நொடிகளுக்கு மட்டும்தான். அதற்குள் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு படியிலும் நேரம் சுருங்கும், திறன் ஏறும். கடைசிப் படியில் நானோ நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

அடித்தளம் போட்ட மூன்று பேர்

இந்தக் கலைக்கு நூறு வயசு ஆகிறது. 1924-இல் ஜெர்மன் பொறியாளர் எர்வின் மார்க்ஸ் ஒரு வழி கண்டார். பல கெபாசிட்டர்களைப் பக்கவாட்டு இணைப்பில் நிரப்பி, தீப்பொறி பறக்கும் கணத்தில் எல்லாவற்றையும் தொடர் இணைப்புக்கு மாற்றிவிடுவது. பத்து கெபாசிட்டர் என்றால் பத்து மடங்கு வோல்ட். மின்னலைத் தாங்குமா என்று மின்கருவிகளைச் சோதிக்க இன்றும் ‘மார்க்ஸ் ஜெனரேட்டர்’தான்.

அடுத்தவர் பிரிட்டனின் ஆலன் பிளம்லைன். ஸ்டீரியோ ஒலிப்பதிவின் முன்னோடி. ரேடாருக்காக, சீரான வடிவத்தில் துடிப்பு தரும் மின்கம்பி அமைப்பை உருவாக்கினார். 1942-இல் ரேடார் சோதனை விமானம் விழுந்து நொறுங்கியதில் இறந்துபோனார்.

1960-களில் பிரிட்டனின் ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத ஆய்வகத்தில் சார்லி மார்ட்டின் என்ற விஞ்ஞானியின் குழு இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது. மார்க்ஸ் ஜெனரேட்டர் நிரப்பும். பிளம்லைன் கம்பி வடிவம் கொடுத்துக் கொட்டும். அதிலிருந்து பிறந்த எலக்ட்ரான் கற்றையை உலோகத்தில் மோதவிட்டு, வெடிக்கும் பொருளைக்கூட உறைய வைத்த மாதிரி எக்ஸ்ரே படம் எடுக்க முடிந்தது.

அவர்களுக்கு ஒரு படம் போதும். அடுத்த ஷாட் நாளைக்கு எடுத்தாலும் பரவாயில்லை. மின்நிலையத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

எல்லாச் சிக்கலும் சுவிட்சில்

நிரம்பிய குடத்தைக் கவிழ்க்க ஒரு கை வேண்டுமே? அதுதான் சுவிட்ச். லட்சக்கணக்கான வோல்ட்டைத் தாங்கி நின்று, சொன்ன கணத்தில் லட்சம் ஆம்பியரைத் திறந்துவிட வேண்டும். சாதாரண ஸ்பார்க் பிளக்கின் ராட்சத அண்ணன் என்று இதைச் சொல்லலாம். இரண்டு உலோக முனைகள், நடுவில் அழுத்தப்பட்ட வாயு. நேரம் வரும்போது அந்த இடைவெளியில் ஒரு தீப்பொறி. எலக்ட்ராவின் முதல் வடிவத்தில் அந்தத் தீப்பொறியைக் கிளப்பியதும் ஒரு லேசர்தான்.

ஒரு தடவைக்கு இது அருமையான வழி. திரும்பத் திரும்ப என்னும்போதுதான் வினை. தீப்பொறி ஓடிய பாதையில் சூடான வாயு மிச்சமிருக்கும். அது ஆறுவதற்குள் மறுபடி மின்னழுத்தம் ஏறினால், நேரத்துக்கு முன்பே தானாக வெடித்துவிடும். அதனால் வாயுவை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு தீப்பொறியும் உலோக முனையை ஒரு துளி உருக்கி எடுக்கும். அந்தத் தூள் பக்கத்துக் காப்புச் சுவரில் போய் ஒட்டும். நாளடைவில் அந்தச் சுவர் வழியாகவே மின்சாரம் தாவிவிடும்.

ஒரு கணக்கு போட்டால் விஷயம் புரியும். நொடிக்கு 5 ஷாட் என்றால் ஒரு நாளைக்கு 4,32,000. ஒரு வருஷத்துக்கு 15 கோடியே 76 லட்சம். சில லட்சம் ஷாட்டுக்கு ஒருமுறை இயந்திரத்தைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றால், அந்த மின்நிலையம் ஓரிரு நாளுக்கு ஒருமுறை படுத்துவிடும்.

தேயாத சுவிட்ச் உண்டா?

உண்டு. வறண்ட மண்ணில் தண்ணீர் ஊற்றினால் முதலில் மண் குடிக்கும். நன்றாக ஊறிய பிறகுதான் தண்ணீர் அந்தப் பக்கம் வழியும். ஒரு காந்த வளையத்தின் மேல் சுற்றிய கம்பிச்சுருளும் அப்படித்தான். ஆரம்பத்தில் மின்னோட்டத்தைத் தடுக்கும். வளையம் காந்தத்தால் நிறைந்த கணத்தில் தடுப்பு சட்டென மறைந்து, மின்னோட்டம் பாய்ந்துவிடும். தீப்பொறி இல்லை, தேய்மானம் இல்லை. வளையம் சூடாகும், அவ்வளவுதான். அதைக் குளிர்வித்துக்கொள்ளலாம்.

‘காந்த சுவிட்ச்’ எனப்படும் இந்த யோசனை 1950-களிலேயே வந்துவிட்டது. மெல்லிய நாடா வடிவிலான, படிக அமைப்பு இல்லாத இரும்புக் கலவைகள் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் பெரிய அளவில் கைகூடியது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம், நொடிக்கு 120 தடவை துடிக்கும் எலக்ட்ரான் கற்றை இயந்திரத்தைக் காந்த சுவிட்சுகளை வைத்தே கட்டியது. ரஷ்யாவின் எகடெரின்பர்க் விஞ்ஞானிகள் 1990-களில் வேறு பாதையில் போனார்கள். மின்னோட்டத்தை நானோ நொடிகளில் வெட்டிவிடும் சிறப்பு வகை சிலிக்கான் டயோடுகளை உருவாக்கினார்கள்.

எலக்ட்ரா குழுவும் தீப்பொறியைக் கைவிட்டது. குறைக்கடத்தி சுவிட்ச், காந்த சுவிட்ச் இரண்டையும் இணைத்துச் சிறிய அளவில் ஒரு மாதிரியைக் கட்டி, நொடிக்கு 10 என்ற கணக்கில் நிறுத்தாமல் ஓடவிட்டார்கள். 11 நாளுக்கு மேல் ஓடி, சுமார் 1 கோடி ஷாட்டைத் தொட்டது.

வெல்வெட் துணியும் தலைமுடியைவிட மெல்லிய தகடும்

சுவிட்ச் சரியானால் மட்டும் போதாது. எலக்ட்ரான்கள் புறப்படும் இடமும் தாங்க வேண்டும். 1960-களில் சோவியத் ஒன்றியத்தின் டாம்ஸ்க் நகரில் கென்னடி மெஸ்யாட்ஸ் குழு கண்டுபிடித்த விஷயம் இது: கடுமையான மின்புலத்தில் உலோகப் பரப்பில் உள்ள நுண்ணிய முனைகள் வெடித்துப் பிளாஸ்மாவாக மாறும். அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெள்ளமாகக் கிளம்பும்.

சீராக, எளிதாக எலக்ட்ரான் கிளம்ப ஆய்வகங்கள் கண்டெடுத்த பொருள்களில் ஒன்று கேட்டால் நம்ப முடியாதது. வெல்வெட் துணி! அதன் ஆயிரக்கணக்கான இழை நுனிகள்தான் காரணம். எலக்ட்ராவும் வெல்வெட்டில்தான் ஆரம்பித்தது. ஆனால், லட்சம் தடவை வெடிப்பைத் துணி எப்படித் தாங்கும்? அதனால் கார்பன் இழைகள், தேன்கூடு வடிவ செராமிக் என்று தேடல் தொடர்ந்தது.

இன்னொரு தலைவலி, எலக்ட்ரான்கள் வெளியே வரும் ஜன்னல். அவை பிறப்பது வெற்றிடத்தில். போக வேண்டியது அழுத்தமான வாயுவுக்குள். நடுவில் ஒரு தகடு வேண்டும். தடித்த தகடு என்றால் எலக்ட்ரான் அதிலேயே சிக்கிவிடும். மெல்லிய தகடு என்றால் கிழிந்துவிடும். மனிதத் தலைமுடியைவிட மெல்லிய உலோகத் தகட்டை, வரிசையாக நிற்கும் கம்பிச் சட்டத்தின் மேல் பொருத்துகிறார்கள். அந்தச் சட்டத்தின் பெயர் ‘ஹிபாச்சி’. ஜப்பானியக் கரி அடுப்பின் பெயர் அது. பார்க்கவும் அடுப்புக் கம்பி மாதிரியே இருக்கும். சூடும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

சட்டத்தின் கம்பிகளில் மோதி எலக்ட்ரான்கள் வீணாகாமல் இருக்க, கற்றையைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்துக் கம்பிகளின் இடைவெளி வழியே அனுப்பினார்கள். ஆனால், கற்றையை வழிநடத்தும் காந்தப்புலத்தில் அந்தக் கீற்றுகள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டன. அதனால் புறப்படும் இடத்திலேயே கீற்றுகளை எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வைத்தார்கள். வந்து சேரும்போது நேராகிவிடும்! இத்தனைக்கும் பிறகு, எலக்ட்ரா லேசர் நொடிக்கு 2.5 ஷாட் வீதம் 10 மணி நேரம் தொடர்ந்து ஓடியது. மொத்தம் 90,000 ஷாட். வருஷத்துக்கு 15 கோடி என்ற இலக்கின் முன் இது சின்ன எண்தான். ஆனால், சில நூறு ஷாட்டோடு ஒப்பிட்டால் வேறு உலகம்.

வாட்ஸ்அப் ‘காளி’யும் நிஜக் காளியும்

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘காளி’ வரிசை இயந்திரங்கள் இதே குடும்பம்தான். கிலோ ஆம்பியர் லீனியர் இன்ஜெக்டர் என்பதன் சுருக்கம் அது. பெயர் அப்படி அமைந்ததால், ‘ஏவுகணையைக் கதிரால் பொசுக்கும் இந்தியாவின் ரகசிய ஆயுதம்’ என்று அவ்வப்போது ஃபார்வர்டு மெசேஜ் சுற்றும்.

இயற்பியல் வேறு கதை சொல்கிறது. காளி 5000 இயந்திரத்தின் எலக்ட்ரான்கள் 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் அளவிலானவை. அத்தகைய எலக்ட்ரான் சாதாரணக் காற்றில் 4 மீட்டர் தாண்டுவதற்குள் நின்றுபோகும். அறையின் எதிர்ச்சுவரைத் தொடுவதே பெரிய விஷயம். அந்தக் கற்றையிலிருந்து எக்ஸ்ரேயும் நுண்ணலையும் உருவாக்கி, கருவிகளைச் சோதிக்கலாம் என்பதே அதன் நிஜமான பயன். இன்னொரு முக்கியமான விஷயம், காளி வரிசை அடிப்படையில் ஒற்றை ஷாட் இயந்திரங்கள். திரும்பத் திரும்பத் துடிக்கும் வேலைக்காக அதே மையம் ‘லீனியர் இண்டக்‌ஷன்’ வகை முடுக்கிகளைத் தனியாக உருவாக்கியது. காரணம், இவ்வளவு நேரம் பார்த்த அதே சுவிட்ச் சிக்கல்தான்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் ஓடும் இயந்திரம்

மின்நிலையம் எப்போது வருமோ, தெரியாது. ஆனால், திரும்பத் திரும்பத் துடிக்கும் எலக்ட்ரான் கற்றையைப் பலர் ஏற்கெனவே நேரில் சந்தித்திருப்பார்கள். புற்றுநோய் மருத்துவமனையில் ரேடியேஷன் கொடுக்கும் ‘லீனாக்’ இயந்திரம் அதுதான். சக்தி மிகக் குறைவு, கொள்கை ஒன்றே. அதற்குள் இருக்கும் மாடுலேட்டர் என்ற பகுதி, ஆற்றலைச் சேர்த்துச் சேர்த்துக் கொட்டுகிறது. சில மைக்ரோ நொடி நீளும் துடிப்புகள், நொடிக்குச் சில நூறு தடவை. அப்படி முடுக்கப்படும் எலக்ட்ரான்கள் நேரடியாகவோ எக்ஸ்ரேயாக மாறியோ கட்டியைத் தாக்குகின்றன. பல இயந்திரங்களில் இந்தக் கொட்டும் வேலையைச் செய்வது ‘தைரட்ரான்’ என்ற வாயுக் குழாய் சுவிட்ச். அதுவும் தேயும், மாற்ற வேண்டும். மாற்றும்வரை சிகிச்சை தள்ளிப்போகும். தேயாத குறைக்கடத்தி சுவிட்சுகள் அந்த இடத்தைப் பிடித்துவருவது இதனால்தான்.

வழக்கமான சிகிச்சையில் ஒரு தடவை படுத்து எழுவதற்குள் பல ஆயிரம் துடிப்புகள் உடலுக்குள் போய்விடும். அதில் ஒன்று கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் மொத்த அளவு மாறாது. ஆனால், 2018-இல் ஸ்விட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு வேறு முறையில் சிகிச்சை தரப்பட்டது. தோலில் இருந்த கட்டிக்கு 15 கிரே கதிர்வீச்சு, வெறும் 90 மில்லி நொடியில். கண் இமைக்கும் நேரம். ‘ஃபிளாஷ் ரேடியோதெரபி’ எனப்படும் இந்த முறையை மனிதருக்குப் பயன்படுத்தியது அதுவே முதல்முறை. கதிர்வீச்சை இப்படி மின்னல் வேகத்தில் கொடுத்தால், கட்டி அழியும். சுற்றியுள்ள நல்ல திசுவுக்குச் சேதம் குறையும் என்று 2014-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியிருந்தார்கள். மனிதர்களில் அது எந்த அளவுக்குப் பலிக்கும் என்ற ஆய்வுகள் இன்னும் நடக்கின்றன.

அந்த 90 மில்லி நொடிக்குள் போனது மொத்தமே 10 துடிப்புகள். ஒரு துடிப்புக்கு ஒன்றரை கிரே. ஒரு துடிப்பு தவறினால் மருந்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒன்று கூடிப்போனால், திரும்ப எடுக்க முடியாது. தப்பு நடந்ததைக் கவனித்து யாராவது பட்டனை அழுத்தி நிறுத்தலாம் என்றால், அதற்குள் சிகிச்சையே முடிந்திருக்கும். பத்தாவது துடிப்பு முதல் துடிப்பைப் போலவே இருக்கும் என்று சுவிட்ச் தரும் உத்தரவாதத்தை நம்பித்தான் அந்த மேஜையில் ஒருவர் படுக்கிறார்.

இப்போது எங்கே நிற்கிறது?

எலக்ட்ராவின் வேலை முடிந்துபோகவில்லை. அண்மைக் காலத்தில் ஆர்கான் ஃப்ளோரைடு லேசர் ஆய்வுக்கும் அதே இயந்திரம் பயன்பட்டிருக்கிறது. தனியார் நிறுவனங்களும் களத்தில் குதித்திருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள எக்ஸைமர் எனர்ஜி நிறுவனம், எலக்ட்ரான் கற்றையால் இயங்கும் இதே வகை வாயு லேசரை வைத்து மின்நிலையம் அமைக்கத் திட்டமிடுகிறது.

இனி ‘உலகிலேயே சக்தி வாய்ந்த கற்றை’, ‘வரலாற்றுச் சாதனை’ என்று ஒரு செய்தி வந்தால், எத்தனை ஜிகாவாட் என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த ஷாட் எப்போது? நாளைக்கு என்றால் அது சோதனை. அடுத்த நொடியே என்றால்தான் அது வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்து சேரும்.